கரிநகரத்தில் ஒரு வெள்ளை அறை

1900ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் நாள், ஸ்காட்லாந்தின் டம்பார்டன் நகரில் சார்லஸ் ரென்னி மெக்கின்டாஷுக்கும் மார்கரெட் மெக்டொனால்டுக்கும் திருமணம் நடந்தது. மணமகனுக்கு வயது 32. கிளாஸ்கோவில் ஹனிமன் அண்ட் கெப்பி என்னும் கட்டடக்கலை நிறுவனத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தார். மணமகளுக்கு வயது 35. ஓவியம், உலோகத் தகட்டு வேலை, பூத்தையல், ஜெஸ்ஸோ எனப்படும் வெண்சாந்துப் புடைப்போவியம் ஆகியவற்றில் தேர்ந்தவர். திருமணத்துக்கு முன்பே தங்கை ஃபிரான்சிஸுடன் சேர்ந்து கிளாஸ்கோவின் ஹோப் தெருவில் சொந்தக் கலைக்கூடம் நடத்தியவர். இருவரும் குடிபுகுந்த இடம் கிளாஸ்கோ மெயின்ஸ் தெரு, 120ஆம் எண் கட்டடத்தின் முதல் மாடி. அது அவர்கள் புதிதாகக் கட்டிய வீடன்று. பலர் குடியிருந்த கல்கட்டடம் ஒன்றின் ஒரு தளம் மட்டுமே. அதன் உட்புறத்தை இருவரும் சேர்ந்து மாற்றினர். அந்த மாற்றம் ஐரோப்பிய உள்ளலங்கார வரலாற்றில் நிலைத்த இடம்பெற்றது.

வரவேற்பறையின் மரவேலைப்பாடுகள் அனைத்தும் வெள்ளை வண்ணம் பெற்றன. சுவர்களில் வெளிர்சாம்பல் நிறத் துணி. தரையில் சாம்பல் நிற விரிப்பு. சன்னல்களில் வெள்ளை மஸ்லின் திரை. கதவின் உயரத்தில் அகன்ற வெள்ளைச் சட்டம் ஒன்று அறையைச் சுற்றி ஓடியது. சன்னல்களின் குறுக்கேயும் அது நிற்காமல் சென்றது. பழைய கட்டடங்களுக்கே உரிய மிகை உயரத்தை அந்த ஒற்றைக் கோடு கண்ணுக்குத் தாழ்த்திக் காட்டியது. உயர்ந்த கூரையின் கீழ் மனிதர் அமரும் அளவில் இன்னோர் அறை உருவானது. அறைகலன்கள் எண்ணிக்கையில் குறைவு. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே தாராளமாக வெற்றிடம் விடப்பட்டது. ஆங்காங்கே ஊதாக் கண்ணாடித் துண்டு, ரோஜா வடிவம், சாடியில் செருகிய ஒரு கிளை. படுக்கையறையும் வெண்மையே. உணவறை மட்டும் இருண்டது. அதன் சுவர்களில் பொட்டலம் கட்டப் பயன்படும் முரட்டுத் தாளின் சாம்பல்பழுப்பு. அதன்முன் உயர்ந்த முதுகுடைய கருநிற நாற்காலிகள். மேலே வெள்ளைக் கூரை. இந்த அறைகளின் ஒளிப்படங்களை 1901இல் லண்டனின் ‘ஸ்டூடியோ’ இதழ் தன் சிறப்பு மலரில் வெளியிட்டது.

இன்று பெங்களூரிலும் குருகிராமிலும் விற்பனைக்கு வரும் அடுக்ககங்களின் விளம்பரங்களில் இதே இலக்கணம் காணப்படுகிறது. வெள்ளை, வெளிர்சாம்பல், மணல்நிறம். குறைந்த பொருள்கள், நிறைந்த வெளிச்சம், சாடியில் ஒரு கிளை. எளிமையின் படம் என்று இது முன்வைக்கப்படுகிறது. அந்த எளிமை யாருடைய உழைப்பால் நின்றது, அதில் யாருடைய பெயர் எழுதப்பட்டது, யாருடையது எழுதப்படவில்லை என்னும் கேள்விகளுக்கு மெயின்ஸ் தெரு வீட்டின் வரலாறு தெளிவான விடைகளைத் தருகிறது.

முதலில் நகரத்தைப் பார்க்க வேண்டும். 1900இன் கிளாஸ்கோ பிரித்தானியப் பேரரசின் இரண்டாம் நகரம் என்று தன்னை அழைத்துக்கொண்டது. கிளைட் ஆற்றங்கரையில் கப்பல் கட்டும் தளங்கள். நகருக்குள்ளேயே இரும்பு உலைகள். வடக்கே ஸ்பிரிங்பர்னில் இரயில் எஞ்சின் தொழிற்சாலைகள். 1903இல் மூன்று நிறுவனங்கள் இணைந்து உருவான நார்த் பிரிட்டிஷ் லோகோமோட்டிவ் கம்பெனியின் எஞ்சின்கள் இந்திய இருப்புப்பாதைகளில் பெருமளவில் ஓடின. தொழிற்சாலைப் புகையோடு ஒவ்வொரு வீட்டின் அடுப்பும் கணப்பும் உமிழ்ந்த நிலக்கரிப் புகையும் சேர்ந்தது. மணற்கல் சுவர்கள் கட்டிய சில ஆண்டுகளில் கறுத்தன. கரித்துகள் சன்னல் இடுக்குகளின் வழியே வீட்டுக்குள் இறங்கியது.

விக்டோரியா காலத்து நடுத்தர வர்க்க வீடுகள் இருண்ட நிறங்களை விரும்பியதற்குச் சுவைமட்டும் காரணமன்று. கருஞ்சிவப்புச் சுவர்த்தாளும் கனத்த திரைச்சீலையும் மகோகனி மரமும் அழுக்கை மறைத்தன. நாற்காலி முதுகில் தலையெண்ணெய் படியாதிருக்கச் சிறுதுணி, மேசைக்குக் குஞ்சம் வைத்த உறை, அலமாரி நிறைய பீங்கான் பொம்மைகள் என்று பொருள்கள் குவிந்த அறையில் ஒரு நாள் தூசி கண்ணுக்குத் தெரியாது. வெள்ளை அறை இதற்கு நேர்மாறு. அது தூசிக்குக் கணக்கு வைக்கிறது. நேற்று துடைக்காத சட்டம் இன்று காட்டிக்கொடுக்கும். கணப்பில் எரியும் கரியின் சாம்பலை அன்றாடம் அள்ள வேண்டும். மஸ்லின் திரைகளை அடிக்கடி இறக்கித் துவைத்து, கஞ்சியிட்டு, மீண்டும் மாட்ட வேண்டும். புகை சூழ்ந்த நகரத்தில் வெண்மை ஒரு முறை பூசி முடிக்கும் வண்ணமாக இருக்கவில்லை. நாள்தோறும் செய்யவேண்டிய வேலையாக இருந்தது.

அந்த வேலையைச் செய்தவர்கள் யார்? அக்காலப் பிரித்தானியாவில் ஊதியத்துக்கு உழைத்த பெண்கள் வேறெந்தத் தொழிலிலும் இல்லாத அளவு வீட்டுப் பணியில் இருந்தனர். நடுத்தர வர்க்கக் குடும்பம் என்பதன் அடையாளமே ஒரு பணிப்பெண்ணையாவது வைத்திருப்பதுதான். ஐரிஷ் கிராமங்களிலிருந்தும் ஸ்காட்லாந்தின் மேட்டுநிலங்களிலிருந்தும் நகருக்கு வந்த இளம்பெண்கள் விடியுமுன் எழுந்து கணப்புகளைத் துடைத்து, கரிவாளிகளைச் சுமந்து, படிகளைக் கழுவினர். அலங்கார நூல்கள் வெண்மையின் தூய்மையையும் அமைதியையும் பற்றிப் பேசுகின்றன. துவைத்த கைகளைப் பற்றிய பேச்சு அவற்றில் அரிது.

வீட்டைக் குறித்த சொற்களும் இதே வரலாற்றைச் சொல்கின்றன. ஆங்கிலத்தில் இன்று உலகெங்கும் வழங்கும் ‘ஃப்ளாட்’ என்னும் சொல் ஸ்காட்லாந்து வழக்கான ‘ஃப்ளெட்’ என்பதிலிருந்து வந்தது. தரை, தளம், வீட்டின் உட்பகுதி என்பன அதன் பொருள்கள். ஒரே கட்டடத்தை மாடிவாரியாகப் பிரித்து வாழ்வது அங்கே நெடுநாளைய வழக்கம். ‘டெனமென்ட்’ என்பது பிற இடங்களில் சேரிக்கட்டடம் என்னும் இழிபொருளைப் பெற்றது. ஸ்காட்லாந்தில் அது செல்வரும் வறியரும் வாழ்ந்த எல்லா அடுக்குக் கட்டடங்களுக்கும் பொதுச்சொல். ‘அபார்ட்மென்ட்’ என்பதன் ஸ்காட்லாந்துப் பொருள் இன்னும் வியப்பானது. அங்கே வீட்டுவசதித் துறையின் மொழியில் அது ஒரு முழு வீட்டைக் குறிப்பதில்லை. ஓர் அறையைக் குறிக்கும். ‘இரண்டு அபார்ட்மென்ட் வீடு’ என்றால் இரண்டு அறைகளே உள்ள வீடு.

இப்படி அறைகளை எண்ணும் பழக்கத்துக்குக் காரணம் இருந்தது. 1911இன் கணக்கெடுப்பின்படி ஸ்காட்லாந்து மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஓரறை அல்லது ஈரறை வீடுகளில் வாழ்ந்தனர்; கிளாஸ்கோவில் அந்த விகிதம் இன்னும் அதிகம். 1917இல் வெளியான அரச ஆணையத்தின் அறிக்கை இந்நிலையைக் கடுமையாகக் கண்டித்தது. ஓரறை வீட்டுக்கு ‘சிங்கிள் எண்ட்’ என்று பெயர். சமையல், தூக்கம், பிள்ளைப்பேறு, இறந்தவரைக் கிடத்துதல் அனைத்தும் அந்த ஓர் அறைக்குள். படுக்கை சுவரில் குடைந்த மாடத்தில் இருக்கும். 1862இன் சட்டமொன்று சிறிய வீடுகளின் கன அளவை அளந்து, வயதுவந்தோர் ஒருவருக்கு 300 கன அடி என்று கணக்கிட்டு, எத்தனை பேர் தங்கலாம் என்பதைத் தகர வில்லையில் பொறித்துக் கதவில் அறைய வழிசெய்தது. வில்லையில் உள்ள எண்ணுக்கு மேல் ஆட்கள் உறங்குகிறார்களா என்று பார்க்கச் சுகாதார அதிகாரிகள் நள்ளிரவில் கதவைத் தட்டினர்.

தமிழில் ‘எளிமை’ என்னும் சொல்லுக்கு எளிதாதல் என்றும், தாழ்மை என்றும், வறுமை என்றும் பொருள் உண்டு. ‘எளியவர்’ என்றால் ஆடம்பரமற்றவரும் ஆவார், ஏழையும் ஆவார். 1900இன் கிளாஸ்கோவில் இந்த இரு எளிமைகளும் ஒரே நகரில் நடைதூரத்தில் இருந்தன. வில்லை அறைந்த கதவுக்குப் பின்னாலும் பொருள்கள் குறைவு. மெயின்ஸ் தெருவின் வெள்ளை அறையிலும் பொருள்கள் குறைவு. முன்னதில் வெற்றிடம் என்பதே கிடையாது. பின்னதில் வெற்றிடமே முதன்மையான பொருள். குறைவாக வைத்துக்கொள்ளும் உரிமை, போதிய இடம் உள்ளவருக்கே கிடைத்தது.

இதைச் சொல்வதால் அந்த அறையின் கலைத்திறம் குறைந்துவிடாது. அது எங்கிருந்து வந்தது என்பதும் முக்கியம். லண்டனில் ஓவியர் விஸ்லரும் கட்டடக்கலைஞர் காட்வினும் 1870களிலேயே வெளிர்நிற அறைகளை முயன்றிருந்தனர். 1884-85இல் ஆஸ்கார் வைல்டின் டைட் தெரு வீட்டுக்குக் காட்வின் வெண்மையின் பல சாயல்களில் உணவறை அமைத்தார். ஜப்பானியக் கலையின் செல்வாக்கு இவற்றின் பின்னணியில் இருந்தது. கிளாஸ்கோவுக்கு ஜப்பானோடு நேரடி உறவே இருந்தது. 1878இல் ஜப்பானிய அரசும் கிளாஸ்கோ நகரமும் கலைப்பொருள்களைப் பரிமாறிக்கொண்டன; டோக்கியோவின் பொறியியல் கல்லூரிக்கு முதல் தலைவராகச் சென்ற ஹென்றி டையர் கிளாஸ்கோவில் பயின்றவர். மணமாகாத காலத்திலேயே மெக்கின்டாஷின் அறைச் சுவரில் ஜப்பானிய அச்சோவியங்கள் தொங்கின.

‘மினிமலிசம்’ என்னும் சொல் கலைவிமர்சனத்தில் வேரூன்றியது 1960களில்தான். மெயின்ஸ் தெரு அறைகளை அப்பெயரால் அழைப்பது பிற்காலச் சொல்லை முற்காலத்துக்குப் பூட்டுவதாகும். அலங்காரத்தை ஒழிப்பது அத்தம்பதியரின் நோக்கமாக இருக்கவில்லை. அதை ஓரிடத்தில் குவிப்பதே நோக்கம். வெள்ளைச் சுவரின் அமைதி, ஒரு புடைப்போவியத்தையோ பூத்தையலையோ கண் தேடிச்சென்று நிற்பதற்காக ஏற்பட்டது. அக்குவியங்களில் பல மார்கரெட்டின் கைவேலை. அவருடைய பங்கை அலங்காரம் என்று சொல்லி ஒதுக்கினால் அறையின் இலக்கணமே புரியாமல் போகும்.

அவர் கையாண்ட பொருள்களும் நுண்ணியவை. 1900இல் செல்வி கிரான்ஸ்டனின் இங்கிராம் தெருத் தேநீரகத்துக்காக அவர் செய்த ‘மே குயின்’ என்னும் பெரும் புடைப்போவியம் முரட்டுச் சாக்குத்துணியின்மேல் வெண்சாந்து பூசி, கயிற்றால் கோடிழுத்து, கண்ணாடி மணிகளும் சிப்பியும் தகரத்தாளும் பதித்து உருவானது. அத்தகைய சாக்குத்துணி சணலால் நெய்யப்படுவது. ஸ்காட்லாந்தின் டண்டீ ஆலைகள் நூற்ற சணல் வங்காளத்து வயல்களில் விளைந்தது. சன்னலில் தொங்கிய மஸ்லினுக்கும் அப்படியொரு வழி உண்டு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிளாஸ்கோ, பெய்ஸ்லி நெசவாளர்கள் இந்திய மஸ்லினோடு போட்டியிட்டே தம் மெல்துணித் தொழிலை வளர்த்தனர். அத்துணி வகையின் புகழ் வங்காளத்துத் தறிகளிலிருந்து புறப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் அத்தறிகள் நலிந்தன. ஐரோப்பிய நவீனத்தின் வெள்ளை அறைக்குள் பேரரசின் நூலிழை இப்படி ஓடியது.

1900 நவம்பரில் வியன்னாவின் செஸெஷன் கலைஞர்கள் தம் எட்டாம் கண்காட்சியில் ஓர் அறையை இத்தம்பதியருக்கு ஒதுக்கினர். இருவரும் நேரில் சென்றனர். மார்கரெட்டின் ‘மே குயின்’ ஒரு சுவரிலும் சார்லஸின் ‘வஸெயில்’ எதிர்ச்சுவரிலும் அமைய, வெள்ளை அறை வியன்னாவைக் கவர்ந்தது. 1902இல் டூரினில் நடந்த பன்னாட்டுக் கண்காட்சிக்கும் இருவரும் சேர்ந்து ஓர் அறையை அமைத்தனர்.

இவர்களை ஜெர்மன் உலகுக்கு விரிவாக அறிமுகப்படுத்தியவர் ஹெர்மன் முதேசியஸ். லண்டன் ஜெர்மன் தூதரகத்தில் பணியாற்றிய கட்டடக்கலைஞர், குடும்ப நண்பர். 1904-05இல் வெளியான ‘ஆங்கில வீடு’ என்னும் அவருடைய மூன்று தொகுதி நூல் இவ்வறைகளைப் பெரிதும் போற்றியது. அதே நூலில் அவர் ஓர் ஐயத்தையும் பதிவுசெய்தார். அறையின் செம்மை அதில் வாழ்பவரின் அன்றாடத்தை விஞ்சிவிட்டது. மேசைமேல் பொருந்தாத அட்டையுடைய ஒரு புத்தகம் கிடந்தாலே அமைதி குலையும். வேலையுடையில் நுழையும் இக்கால மனிதன் அங்கே அந்நியனாகிவிடுகிறான் என்பது அவர் கருத்தின் சாரம். நண்பரின் பாராட்டுக்குள் வந்த இந்தக் குறிப்பு கூர்மையானது. வேலையுடைக்கு இடமில்லாத அறையை வேலையுடை அணிந்த ஒருவரே நாள்தோறும் துடைத்துவைக்க வேண்டியிருந்தது என்பது மட்டும் அவர் கண்ணில் படவில்லை.

அடுத்த மறைவு மார்கரெட்டுடையது. 1927இல் அவர் மருத்துவத்துக்காக லண்டனில் இருந்தபோது, தென்பிரான்சின் போர்வாந்தர் ஊரிலிருந்து சார்லஸ் தொடர்ந்து கடிதங்கள் எழுதினார். தன் கட்டடக்கலை முயற்சிகள் அனைத்திலும் அவருடைய பங்கு பாதி, ஏன் முக்கால் பங்குகூட இருக்கும் என்று அக்கடிதங்களில் ஒன்று ஒப்புக்கொள்கிறது. வரலாற்றாசிரியர்கள் அவ்வளவு தாராளமாக இருக்கவில்லை. 1936இல் நிக்கோலாஸ் பெவ்ஸ்னர் நவீன இயக்கத்தின் முன்னோடிகளைப் பற்றிய தம் நூலில் மெக்கின்டாஷுக்குச் சிறப்பிடம் தந்தார். அதன்பின் எழுந்த ஆய்வுமரபு, எந்திர யுகத்தின் நேர்கோட்டுக் கட்டடக்கலையை நோக்கிச் செல்லும் ஒரு தனி மேதையைத் தேடியது. அந்தக் கதையில் ரோஜாக்களும் பூத்தையலும் பொருந்தவில்லை. எனவே வெற்றுச்சுவர் கணவரின் கணக்கிலும் ரோஜா மனைவியின் கணக்கிலும் எழுதப்பட்டன. அடுத்த படியாக, அந்த ரோஜா அவருடைய வளர்ச்சிக்குத் தடையாயிற்று என்றும் சிலர் எழுதினர். 1990களில் பெண்ணிய நோக்கிலான ஆய்வுகள், குறிப்பாக 1996இல் வெளியான ஜேனிஸ் ஹெலண்டின் நூல், மெக்டொனால்ட் சகோதரியரின் கலைக்கூடத்தைத் தனி வரலாறாக மீட்டன. மார்கரெட் ஒரு வியன்னா மாளிகைக்காகச் செய்து 1906இல் முடித்த ‘ஏழு இளவரசியர்’ என்னும் பெரும்படைப்பும் ஏறத்தாழ அதே காலத்தில் வெளிப்பட்டது. பல பத்தாண்டுகள் காணாமற்போனதாகக் கருதப்பட்ட அது, 1990இல் வியன்னாவின் பயன்பாட்டுக் கலை அருங்காட்சியக நிலவறையிலேயே கண்டெடுக்கப்பட்டது.

தம்பதியரின் பிற்காலம் வறியது. 1906இல் மெயின்ஸ் தெருவிலிருந்து கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் அருகே ஒரு வீட்டுக்கு மாறினர். வெள்ளை அறையின் அறைகலன்களும் உடன் சென்றன. கட்டடப் பணிகள் குறைந்தன. 1914இல் கிளாஸ்கோவை விட்டு நீங்கினர். போர்க்காலத்தில் சஃபோக் கடற்கரை ஊரொன்றில், ஜெர்மன்மொழி நண்பர்களிடமிருந்து வந்த கடிதங்கள் சார்லஸை ஒற்றர் என்று ஐயுற வைத்தன. அவர் 1928இலும் மார்கரெட் 1933 சனவரியிலும் இறந்தனர். லண்டன் செல்சியில் அவர்கள் விட்டுச்சென்ற கலைக்கூடப் பொருள்கள் அனைத்தின் மதிப்பு 88 பவுண்ட் 16 ஷில்லிங் 2 பென்ஸ் என்று எழுதப்பட்டது. 2008இல் மார்கரெட்டின் ‘வெள்ளை ரோஜாவும் சிவப்பு ரோஜாவும்’ என்னும் ஒரே புடைப்போவியம் ஏலத்தில் 17 லட்சம் பவுண்டுக்கு விலைபோனது.

இந்த வெள்ளை அறையின் கதையில் இந்தியா இன்னும் இருமுறை வருகிறது. இரண்டும் இந்தூர் நகரத்தைத் தொடுகின்றன. 1915 வாக்கில், வேலையின்றித் தவித்த மெக்கின்டாஷுக்கு நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெடிஸ் தம் இந்தியப் பணிகள் தொடர்பாகச் சில வரைபடங்கள் தயாரிக்கும் வேலையைத் தந்தார். அவை கட்டடங்களாக எழவில்லை. கெடிஸ் அக்காலத்தில் சென்னை மாகாணத்து நகரங்கள் உட்படப் பல இந்திய நகரங்களைப் பற்றி அறிக்கைகள் எழுதினார். அவற்றுள் மிகப் பெரியது 1918இல் இந்தூர் தர்பாருக்கு அளித்த இரண்டு தொகுதி அறிக்கை. பிளேக் நோய் அஞ்சவைத்த அந்நகரில் அவர் தீபாவளியை ஒட்டி ஓர் ஊர்வலத்தை நடத்தினார். அழுக்கு அரக்கனின் உருவமும் பிளேக் எலியின் உருவமும் எரிக்கப்பட்டன. நகரின் துப்புரவுப் பணியாளர்கள் புத்தாடையாக வெள்ளை உடுத்து, மாலை அணிந்து, புதிய துடைப்பங்களோடு ஊர்வலத்தில் நடந்தனர். தூய்மை என்பது யார் கையால் ஏற்படுகிறது என்பதை நகரம் ஒருநாளேனும் வீதியில் பார்த்தது. சாதியால் அவ்வேலையில் கட்டப்பட்டிருந்தவர்களுக்கு மறுநாளும் அதே துடைப்பம்தான் என்பதையும் மறக்க முடியாது.

இரண்டாம் தொடர்பு முதேசியஸ் குடும்பத்தின் வழியாக வந்தது. ஹெர்மன் முதேசியஸின் மகன் எக்கார்ட் 1904இல் பிறந்தபோது ஞானத்தந்தையானவர் மெக்கின்டாஷ். வளர்ந்து கட்டடக்கலைஞரான எக்கார்ட்டை, இந்தூரின் இளம் ஆட்சியாளர் இரண்டாம் யஷ்வந்த் ராவ் ஹோல்கர் தமக்கும் மகாராணி சன்யோகிதா தேவிக்கும் ஓர் இல்லம் அமைக்க அழைத்தார். 1930க்கும் 1933க்கும் இடையே உருவான மாணிக் பாக் அரண்மனையில் நேர்கோடுகள், வெற்றுப்பரப்புகள், அளவான அறைகலன்கள்; ஐலீன் கிரே, ரூல்மன் போன்றோரின் படைப்புகள்; வெப்பத்தைத் தணிக்கக் குளிர்சாதன ஏற்பாடு. ஓர் அடுக்ககத்தின் அளவை இது எவ்வளவோ கடந்தது. எனினும் இளம் இணையர் ஒருவர் தம் காலத்துக்கேற்ற எளிய அறையைத் தேடிய கதையே இதுவும். சன்யோகிதா 1937இல் இளம்வயதிலேயே இறந்தார். அறைகலன்கள் 1980இல் மொனாக்கோவில் ஏலம்போயின. கட்டடம் பின்னாளில் மத்திய வரித்துறையின் அலுவலகமாயிற்று. 2019இல் பாரிஸின் அலங்காரக் கலை அருங்காட்சியகம் இவ்வில்லத்தின் பொருள்களைத் திரட்டிப் பெரிய கண்காட்சி நடத்தியபோது அதற்கு இட்ட பெயர் ‘நவீன மகாராஜா’. இங்கும் தலைப்பில் ஒருவருக்கே இடம்.

கிளாஸ்கோவில் தம்பதியர் 1906இல் குடியேறிய வீட்டைப் பல்கலைக்கழகம் 1946இல் வாங்கியது; 1963இல் கட்டடம் இடிக்கப்பட்டது. அதற்குமுன் உட்புறப் பொருத்துகள் கவனமாகக் கழற்றிப் பாதுகாக்கப்பட்டன. 1981இல் ஹண்டேரியன் கலைக்கூடத்தில், பழைய இடத்துக்கு அருகிலேயே, அறைகள் மீண்டும் கூட்டியமைக்கப்பட்டன. வெண்ணிற அறையில் இன்றும் அதே சட்டம், அதே கணப்பு. அதில் கரி எரிவதில்லை. வெளிப்புறச் சுவரில் வீட்டின் முன்கதவு அதற்குரிய உயரத்தில் பொருத்தப்பட்டுள்ளது. தரை தாழ்ந்திருப்பதால் கதவு அந்தரத்தில் நிற்கிறது, ஏறிச்செல்லப் படிகள் இல்லை. ஒரு காலத்தில் கரிவாளியோடு படியேறியவர்களின் வழி அங்கே இல்லாமலே போயிற்று.

வீட்டின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஒளிப்படங்களையும் வரைபடங்களையும் கொண்டே எழுதுகின்றனர். மெயின்ஸ் தெரு அறைகளின் ஒளிப்படங்களில் மனிதர் எவரும் இல்லை. நாற்காலி இருக்கிறது, அமர்ந்தவர் இல்லை. திரை இருக்கிறது, துவைத்தவர் இல்லை. அத்தகைய படத்தை ஆவணமாகக் கொள்ளும்போது அதற்கு வெளியே உள்ள ஆவணங்களையும் அருகில் வைக்க வேண்டியிருக்கிறது: வீட்டுவசதி அறிக்கை, கதவில் அறைந்த தகர வில்லை, சணல் வணிகக் கணக்கு, ஒரு கணவரின் கடிதம். அவற்றோடு சேர்த்துப் படிக்கும்போது வெள்ளை அறையின் அழகு அப்படியே இருக்கிறது. அது காலியாக மட்டும் இருப்பதில்லை.